மூன்றாம் எண் கூண்டு

பழைய டைரியில் நடுவே ஒரு கோடு.
இடப்பக்கம் அரசியல், வலப்பக்கம் வெளி.
மறந்துபோகுமுன் எழுதி வைக்கிறேன்.
கல் வியாபாரம் நொடித்து
வாப்பா எங்களை ஹாங்காங்கிலிருந்து
கீழக்கரைக்குத் திருப்பிக் கூட்டி வந்து
பதினோரு வருஷம்.
கனவு இன்னும் கான்டனீஸில்தான்,
கனவில் பேரம் பேசுவது மட்டும் தமிழில்.

வலப்பக்கம், முதல் சொல்: ஹாங் ஸான்.
நட, மலை.
ஞாயிறுதோறும் கா யானும் நானும்
பஸ் பிடித்துப் போய் ஏறி இறங்குவோம்.
இங்கே எதை ஏற?
வாலிநோக்கத்து உப்புக்குவியலை விட்டால்
இந்தக் கரையில் உயரம் என்பது
மினாராவுக்கும் செல்போன் டவருக்கும்தான்.

இடப்பக்கம்: யாவ் ஹங். ஊர்வலம்.
அவர்கள் லிபியில் எழுதும்போதுதான் பார்த்தேன்,
அதே ‘நட’, அதே எழுத்து,
வாசிப்பில் கொஞ்சம் குறுகி
கோட்டைத் தாண்டி வந்து நிற்கிறது.

தாவ் பியூ: சீட்டை எறி. ஓட்டு.

ஸ்யுன்:
குரலைக் கீழிருந்து ஏற்றினால் தேர்ந்தெடு,
உச்சியிலேயே நிறுத்தினால் புளிப்பு,
நடுவில் விட்டால் கணக்குப் பார்.
தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்று.
நகராட்சித் தேர்தலுக்கு முந்தின இரவு
கவரில் நோட்டு எண்ணிக்கொண்டிருந்த
கொழுந்தன் சீனி நெய்னாவிடம் சொன்னேன்.
“சரியாத்தான் வச்சிருக்கான்” என்று
எண்ணிக்கை தவறி
முதலிலிருந்து ஆரம்பித்தான்.

தா ஃபூங். அடி, காற்று.
இதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.
வாடையோ கச்சானோ
இங்கும் காற்று அடிக்கத்தான் செய்கிறது,
வீசுவதெல்லாம் பாடப்புத்தகத்தில்.

க்வா போ. பந்தைத் தொங்கவிடு.
புயல் எண் ஏற்றுவதைச் சொல்வது.
அங்கே எட்டு என்றால் பள்ளிக்கூடம் லீவு.
பாம்பனில் மூன்று என்றால்
படகெல்லாம் கரையில்,
டீக்கடை நோட்டில் புதுப் பக்கம்.

போன ஆனியில்
குழாயில் காற்று மட்டும் வந்த இருபத்திரண்டாம் நாள்
முக்கு ரோட்டில் குடத்தோடு உட்கார்ந்தோம்.
புர்காவும் நைட்டியுமாக நாற்பது பேர்.
ராமநாதபுரம் பஸ் மூன்று நின்றுவிட்டது.
ஜீப் வந்தது. லத்தியோடு இறங்கினார்கள்.
என் வாயிலிருந்து வந்தது தமிழ் இல்லை.
ஸான் ஸோய்!
கலைந்து ஓடு என்று அர்த்தம்.
பிரித்துப் பார்த்தால்: சிதறு, தண்ணீர்.
யாருக்கும் புரியவில்லை, யாரும் ஓடவில்லை.
பக்கத்தில் மீன்காரி அந்தோணியம்மாள் மட்டும்
“சோறா? மொதல்ல தண்ணி வரட்டும்டி” என்று
என் முழங்காலில் தட்டி உட்காரவைத்தாள்.
அவள் குடம் காலி,
ஆனாலும் மூடி போட்டிருந்தாள்.

சாயங்காலம் லாரி வந்தது. மறுநாளும் வந்தது.
அதற்கப்புறம் இல்லை.

இதைக் கா யானுக்கு எழுதினேன்.
சிரிப்பு முகம் ஒன்று அனுப்பினாள், அவ்வளவுதான்.
நாலைந்து வருஷமாக
இடப்பக்கத்துச் சொல் ஒன்றையும்
அவள் தொடுவதில்லை.
வானிலை மட்டும்.
‘இன்று மலை நடந்தேன். பனி. பாதை தெரியவில்லை.’
‘மழை. வீட்டில்தான்.’
‘உன்னைக் கேட்பானே, அந்தக் கண்ணாடிக்காரன்,
அவன் இப்போது மலைக்கு வருவதில்லை.’
முதலில் கோபித்துக்கொண்டேன்.
பிறகு மெதுவாக வாசிக்கப் பழகினேன்.
டைரியின் வலப்பக்கம் நிரம்பி
அடுத்த தாளுக்குப் போய்விட்டது.

நேற்று ராத்திரி குரலில் ஒரு செய்தி.
ஒரே சொல்: ஸான்.
உச்சத்தில் சொன்னால் மலை,
கீழே இறக்கினால் சிதறு.
ஆனால் அவள் பக்கம் காற்று அடிக்கிறது,
என் பக்கம் ஜன்னல் அடித்துக்கொள்கிறது,
ஏழு தடவை கேட்டும்
குரலின் உயரம் பிடிபடவில்லை.

ரேடியோவில் பாம்பன் செய்தி.
அப்பா தீவுப் பக்கம் கடல் கறுத்துக் கிடக்கிறது.
நான் தட்டச்சு செய்கிறேன்:
‘இங்கே மூன்று ஏற்றியிருக்கிறார்கள்.
அங்கே எத்தனை?’